ஆமென் வந்து சேரும் வரை

மைனிக்கு மலை பிடிக்காது. பனி மூடிய மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்துவார்கள். கீழே ஏரி, கரையில் அன்னங்கள், காலண்டரில் மட்டுமே நான் பார்த்திருக்கிற காட்சி. மைனி வண்டியை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எதுக்கு இங்கன வந்து மறிச்சிக்கிட்டு நிக்கி?" என்பார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற செல்போன் டவர்தான் அவருக்கு முக்கியம். கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி ஒரு நடை, ஏரிக்கரை வரை ஒரு நடை. இரண்டு கோடாவது தெரியவில்லை என்றால், அன்னமாவது ஏரியாவது, வண்டியைக் கிளப்பு என்றுவிடுவார்.

மைனி என் கணவரின் அக்கா. அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். அண்ணன் கப்பலில் இஞ்சினியராக இருந்தவர். பிறகு ரோட்டர்டாமில் கரை வேலை கிடைத்து, இரண்டு பேரும் அங்கேயே குடியேறிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. பாதி உலகத்தின் துறைமுகங்களைப் பார்த்தும் துறைமுக வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்பது அண்ணனின் நெடுநாள் குறை. ஓய்வு பெற்றதும் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினார். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. நாடு நாடாகப் போகலாம், பிடித்த இடத்தில் நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம். போட்டோவைப் பார்த்த மாமா, அதாவது என் மாமனார், "வாழ்ந்த பிள்ள, இப்படி வண்டியில ஏறிட்டாளே" என்று மட்டும் சொன்னார்.

மைனிக்கு முதலில் மலை பிடிக்கத்தான் செய்தது. மாமியார் இறந்தபோது அவர்கள் பிரான்ஸில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் இருந்தார்கள். அண்ணன் ஆசைப்பட்டுப் போன இடம். நாங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மாமியார் திடீரென்று போனவர். பெட்டியில் ஐஸ் வைத்து மகளுக்காகக் காத்திருந்து பார்த்தோம். பிறகு பங்குச் சாமியாரே வந்து, இனி வைத்திருக்க வேண்டாம் என்று சொன்னதால் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். மறுநாள் ரொட்டி வாங்கப் பக்கத்து ஊருக்கு வண்டி இறங்கியபோது மைனியின் போன் விடாமல் அடித்திருக்கிறது. ரொட்டிக்கடை வாசலில் நின்றே அத்தனை செய்தியையும் பார்த்திருக்கிறார். அடக்கத்தை வீடியோவில்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் மைனி இப்படி ஆனார். "இனிமே என்னைத் தேடுனோம், லைன் கெடைக்கலன்னு ஒரு ஆளு சொல்லப்பிடாது" என்று என்னிடம் சொன்னார். சொன்னதைக் கடைசி வரைக்கும் காப்பாற்றினார்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குச் செபமாலை. பத்துப் பத்து மணிகளாகக் கோத்த ஐந்து பத்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு மந்திரம். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர் மந்திரத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி ஆமென் என்று முடிப்போம். முதல் பத்து மாமாவுடையது, இரண்டாவது என் கணவருடையது, மூன்றாவது மைனியுடையது, நான்காவது மாமியாருடையது. நான் கல்யாணமாகி வந்தபோது மாமியார் எனக்கு அடுக்களைச் சாவியைத் தரவில்லை, ஐந்தாம் பத்தைத் தந்தார். மைனி கப்பல்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் மூன்றாம் பத்தை யாருக்கும் கொடுக்காமல், மகளுக்காக மாமியாரே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனதும் நான்காவது எனக்கு வந்தது, என்னுடைய ஐந்தாவது என் மகளுக்குப் போனது. மூன்றாவதுக்குத்தான் ஆளில்லை.

"நானே சொல்லுதேன்" என்றார் மைனி. "மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல போன வையி. எந்தத் தேசத்துல கெடந்தாலும் ஏழு மணிக்கு வாரேன்."

இரண்டு நாள் வருவார், பிறகு மறந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். நாத்தனார் என்றால் தூரத்தில் இருந்தாலே அழகு, அதுவும் தினமும் வீடியோவில் வந்து உட்கார்ந்தால் எந்த மருமகளுக்குத்தான் இனிக்கும். போன் வைத்திருந்த இடத்திலிருந்து கூடம் முழுக்கத் தெரியும். முதல் வாரமே, "ஏளா, அந்தத் திரைச்சீலய என்னைக்குத் தொவச்ச?" என்று கேட்டார். மறுநாள் போனைக் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். "இப்ப ஒட்டடை தெரியுது" என்றார்.

மாமாவுக்குப் போனில் பேச வராது. காதும் கொஞ்சம் மந்தம். மகள் கூப்பிட்டால், "சாப்பிட்டியா? சரி. வை" என்பார். அவ்வளவுதான். துறைமுகத்தில் கப்பல் தட்டில் நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுகிற வேலை பார்த்தவர் அவர். இரைச்சலில் யார் பேச்சும் கேட்காது, எல்லாம் கைதான். உள்ளங்கையை விரித்துத் தூக்கினால், தொங்குகிற சுமை அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். வீட்டிலும் அதே கைதான். ஆனால் செபமாலையில் மகளும் அப்பாவும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் இருக்கலாம். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. மைனி அத்தனை பாடுபட்டது அந்த அரைமணி நேரத்துக்குத்தான் என்று எனக்குப் பிறகு புரிந்தது.

பாடு என்றால் சாதாரணப் பாடு இல்லை. முதலில் ஒரு சிம். அது எல்லை தாண்டினால் மெதுவாகப் போகிறது என்று வேறொரு கம்பெனியின் இன்னொரு சிம். வண்டியின் தகரச் சுவர் சிக்னலை மறிக்கிறது என்று அண்ணனைக் கூரை மேல் ஏற்றி ஆன்டெனா வைத்தார். உள்ளே ரௌட்டர். மாத டேட்டா அண்ணனின் ஃபுட்பால் மேட்சில் கரைகிறது என்று கண்டுபிடித்ததும், ஏழு மணி செபம் முடியும் வரை வண்டிக்குள் யாரும் வீடியோ பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டார். யாரும் என்றால் அண்ணன் ஒருத்தர்தான். "கப்பல்ல கேப்டன் கூட இவ்வளவு செய்யலம்மா" என்று அண்ணன் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பின்னாலிருந்து மைனியின் குரல் வந்தது. "கேட்டுச்சு."

அல்பேனியாவில் இருந்த வாரம் மறக்காது. அவர்களுடைய சிம் இரண்டும் அங்கே செல்லாது. ஊர் சிம் வாங்குவதற்குள் கடை பூட்டிவிட்டது. வண்டி நிறுத்துகிற முகாமில் இலவச வைஃபை என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்ததாம், ஆனால் அது குளியலறைக் கட்டடத்து வாசலில் மட்டும்தான் கிடைத்தது. மைனி அங்கேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தலையில் முக்காடு, கையில் செபமாலை, முன்னால் போன். துண்டும் சோப்புமாக ஆட்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று பார்த்து, ஏதோ துக்கம் என்று நினைத்து, கைக்குட்டைக் காகிதம் எடுத்துக் கொடுத்தாள். மைனி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மந்திரத்தை நிறுத்தாமல் சொன்னார். உள்ளே யாரோ தண்ணீர் இழுத்துவிட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது.

மாமா கண்ணைத் திறந்து, "அங்கன மழையா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா, நல்ல மழை" என்றார் மைனி. என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து ஓடிவிட்டாள். ஐந்தாம் பத்துக்கு அவளைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று.

ஆனால் அவர் வராமலே போய்விடுவாரோ என்று நாங்கள் பயந்த சாயங்காலமும் உண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு. ஏழு மணிக்கு மைனியைக் காணோம். கூப்பிட்டால் எடுக்கவில்லை. சரி, தொடங்குவோம், நடுவில் சேர்ந்துகொள்வார் என்று தொடங்கினோம். மாமாவின் பத்து முடிந்தது, என் கணவரின் பத்து முடிந்தது. மாமா உள்ளங்கையைத் தூக்கினார். நாங்கள் நிறுத்தினோம்.

"அப்பா, நாம முடிச்சிருவோம். அக்காவுக்கு லைன் இல்ல போல" என்றார் என் கணவர்.

"அவ பத்து அவ சொல்லணும்" என்றார் மாமா.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாமா மூன்றாம் பத்தின் முதல் மணியை விரலுக்கு நடுவில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். யாருக்கும் எழுந்திருக்கத் தைரியமில்லை. அந்தப் பிரான்ஸ் பள்ளத்தாக்கைத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எட்டு மணிக்கு மைனி சிரித்த முகமாக வந்தார். ஐரோப்பாவில் அன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்களாம். போனில் அது தானாக மாறிவிட்டது, ஊரில் ஏழு என்றால் அங்கே மத்தியானம் மூன்றரை என்ற மைனியின் கணக்கு மாறவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்தப் பத்துல இருக்கிய?" என்று கேட்டார்.

"ஒன் பத்துலதான்" என்றார் மாமா.

மைனி முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே பத்தையும் சொன்னார். மறுநாள் வண்டிக்குள் அடுப்புக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரத்தை மாட்டி, தூத்துக்குடி நேரத்தை வைத்தார். எந்த நாட்டில் நின்றாலும் அந்த வண்டிக்குள் அதற்குப் பிறகு எங்கள் ஊர் நேரம்தான். மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணன் காப்பி கேட்டால், "ராத்திரி ஏழரைக்கு எவன் காப்பி குடிப்பான்?" என்று கேட்டாராம்.

நார்வேக்குப் போகும் முன் சாட்டிலைட் தட்டு ஒன்றை வாங்கினார்கள். டவரே வேண்டாம், வானம் தெரிந்தால் போதும் என்றான் விற்றவன். வானம் தெரிய மரம் இருக்கக் கூடாது. ஆக, மலைக்குப் பிறகு மரமும் மைனிக்குப் பிடிக்காமல் போயிற்று. வெயிலுக்கு ஒதுங்க நிழல் தேடும் அண்ணன் ஒரு பக்கம் இழுக்க, மொட்டை வெளி தேடும் மைனி ஒரு பக்கம் இழுக்க, வண்டி பாதி நிழலில் நிற்கும்.

எல்லாம் இருந்தும் குரல் வந்து சேர ஒரு நொடி, சில நாள் இரண்டு நொடி தாமதம் ஆகும். ஆரம்பத்தில் அதுதான் பெரிய ரோதனை. நாங்கள் ஆமென் என்று முடித்து அடுத்த மணிக்குப் போனால், அப்போதுதான் மைனியின் ஆமென் வந்து விழும். அவர் ஆமென் எங்கள் மந்திரத்தின் மேல் ஏறி, எங்கள் மந்திரம் அவர் காதில் பாதியாய்ப் போய், ஆளாளுக்கு ஒரு இடத்தில் நிற்போம். கடைசியில் மாமாதான் ஒழுங்கு செய்தார். நாங்கள் ஆமென் சொன்னதும் உள்ளங்கையைத் தூக்குவார். கூடம் அமைதியாகும். போனிலிருந்து மைனியின் ஆமென் தனியாக வரும். பிறகுதான் கை இறங்கும், அடுத்த மணி தொடங்கும். காது மந்தமான மனிதருக்கு அந்த ஒரு ஆமென் மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

ஒரு ஆகஸ்டில் மைனி ஊருக்கு வந்தார், மாதா கோயில் திருவிழாவுக்கு. இறங்கியதும் என் திரைச்சீலையைத்தான் தொட்டுப் பார்த்தார். நான் துவைத்துத்தான் வைத்திருந்தேன். சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்து, என் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். மாமா முதல் மந்திரத்தைச் சொன்னார். நாங்கள் பின்பாதியைச் சொல்லி முடித்தோம், ஆமென். மாமா கையைத் தூக்கினார். எல்லாரும் அமைதியாகச் சுரூபத்துக்குப் பக்கத்தில் போன் இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே போன் இல்லை.

மைனி என் தொடையைக் கிள்ளினார். "ஏளா, நான் இங்கனதானே இருக்கேன்."

மாமா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு மகளின் தலையில் கை வைத்தார். இருந்த நாட்களில் மைனி எங்கேயும் போகவில்லை. கடற்கரைக்குக் கூப்பிட்டால், "கடலு எங்கயும் இருக்கு" என்றார். மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டும், அவர் பேசாததைக் கேட்டுக்கொண்டும் இருந்தார். மக்ரூன் பொட்டலமும் கருவாடுமாகப் பெட்டி கட்டிப் புறப்பட்ட அன்று, "நம்ம வீட்டு லைன்தாம்ளா நல்ல லைன்" என்று என்னிடம் சொன்னார். அவரைப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நாத்தனாரிடம் அப்படிச் சொல்லும் நாள் வரும் என்று கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போர்ச்சுகலில் வைத்துத்தான் உடம்பு முடியாமல் போனது. அந்த நாடு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. சாவிக்கும் மேசைக்கும் நம்ம ஊருப் பேரையே சொல்லுதாவ என்று குதூகலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று குரலில் மட்டும் வந்தார். எனக்குத் தனியாக அனுப்பிய செய்தியில், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே, ஆஸ்பத்திரி வைஃபை நம்ம வண்டியை விட நல்லாயிருக்கு என்று எழுதியிருந்தார். வியாதியின் பெயரை அண்ணன் என் கணவரிடம் சொன்னார். அவர் அதை என்னிடம் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

கேமரா இல்லாமலே மூன்றாம் பத்து நடந்தது. குரல் நாளுக்கு நாள் சிறுத்தது. பத்தை முழுக்கச் சொல்ல மூச்சு போதாமல் ஆனபோது, "அப்பா, தொண்டை கட்டிருக்கு. எம் பத்த நீங்க சொல்லுங்க, நான் ஆமென் போடுதேன்" என்றார். மாமா முதல் பத்தோடு மூன்றாவதையும் தானே சொன்னார். பெற்றவர் பத்து பிள்ளைக்கு வருவதுதான் எங்கள் வீட்டு முறை. அது தலைகீழாகப் போனபோதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு வந்ததெல்லாம் ஆமென் மட்டும். ஒவ்வொரு மணிக்கும் மாமா கையைத் தூக்குவார். காத்திருப்போம். இரண்டு நொடி, நான்கு நொடி. தூரத்திலிருந்து ஒரு மூச்சு மாதிரி அது வந்து சேரும். கை இறங்கும். அந்த நாட்களில் எங்கள் செபமாலை முடிய ஒரு மணி நேரம் ஆனது. அடுப்பில் எது கிடந்தாலும் கிடக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் மாமா முதல் மந்திரத்தைச் சொன்னார். நாங்கள் முடித்தோம். கை உயர்ந்தது. போனில் சத்தம் இல்லை. என் கணவர் குனிந்து திரையைப் பார்த்தார். கோடுகள் முழுசாக இருந்தன.

மாமா கையை இறக்காமலே கேட்டார். "லைன் இல்லையா?"

அந்தப் பக்கம் அண்ணன் இருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "லைன் இருக்கு மாமா" என்றார். "லைன் நல்லாத்தான் இருக்கு."

மாமாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. என் கணவர் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அண்ணன் இப்போது ரோட்டர்டாமில் ஒரு வீட்டில் இருக்கிறார். வண்டியை விற்றுவிட்டார். கடிகாரத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறாராம், ஊர் நேரம் மாற்றாமல். மூன்றாம் பத்தை மாமாவே சொல்கிறார். யாருக்கும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுரூபத்துக்குப் பக்கத்தில் போன் வைத்த இடத்தை நான் தினமும் துடைக்கிறேன். திரைச்சீலையையும் வாராவாரம் துவைக்கிறேன், கேட்க ஆளில்லாமல். எனக்கு அவரைத் தேடுகிறது. திட்டுவதற்காகவாவது ஒரு தடவை வரமாட்டாரா என்று இருக்கிறது.

போன மாதம் என் மகள் தன் மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கல்யாணம் முடிந்து வந்த முதல் சாயங்காலம். நல்ல பையன், செபமாலைக்குச் சப்பணமிட்டு உட்கார்ந்தான். மாமா முதல் மந்திரத்தைச் சொன்னார், நாங்கள் முடித்தோம், ஆமென். கூடம் அமைதியானது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பையன், பெரியவருக்கு வயதாகிவிட்டது, வரி மறந்துவிட்டது போல என்று நினைத்து, உதவியாக அடுத்த மந்திரத்தை எடுத்துக் கொடுத்தான்.

மாமா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். கை தூக்கியபடியே இருந்தது.

"பொறுங்க மாப்ள" என்றார். "தூரத்துல இருந்து வரணும்லா."